பக்கத்துக் கட்டில் மாப்பிள்ளை

"மாப்பிள்ளைக்கு உபசாரம் ஆரம்பிச்சாச்சு" என்று முணுமுணுத்தார் தையல்காரர்.

பக்கத்துக் கட்டிலை நோக்கி நர்ஸ் அரக்கப்பரக்க ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"மெதுவாப் பேசுங்க. அவர் காதுல விழப்போகுது" என்றாள் மனைவி.

"விழட்டுமே."

மாடிப்படியில் சறுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துப் படுத்திருந்தார் தையல்காரர். பக்கத்துக் கட்டில்காரர் அவருக்கு அப்புறம் வந்து சேர்ந்தவர். நெஞ்சுக்கோளாறு. முகத்தில் மாஸ்க். மார்பில் தீப்பெட்டி அளவுக்கு ஏதோ ஒன்றை ஒட்டியிருந்தார்கள். விரலில் ஒரு கிளிப். அவருடைய நாடியும் மூச்சும் ஒயரே இல்லாமல் வராந்தாக் கோடியில் நர்ஸ்கள் மேசையிலிருந்த திரைக்குப் போய்க்கொண்டிருந்தன. கொஞ்சம் பிசகினாலும் அங்கே அலறும். மறு நிமிஷம் ஆள் வந்து நிற்கும்.

தையல்காரருக்கு இருந்ததெல்லாம் தலைமாட்டில் ஒரு மணி.

பக்கத்துக் கட்டில்காரர் வந்த புதிதில் ஒருநாள் வலி தாங்காமல் அதை அடித்தார். நர்ஸ் வந்தாள். "இதோ வரேன் ஐயா" என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டிப் பக்கத்துக் கட்டிலுக்கு ஓடினாள். அன்றோடு சரி. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாலும் கிடப்பாரே தவிர, அந்த மணியைத் தொடுவதில்லை.

"ஏங்க, வலிச்சா கூப்பிட வேண்டியதுதானே?"

"எதுக்கு? நம்மளை யாரு சீந்தறா?"

"அவருக்கு நெஞ்சுங்க. உங்களுக்குக் கால்."

"காலுன்னா இளப்பமா? தையல் மெஷினை நான் நெஞ்சாலயா மிதிக்கிறேன்?"

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

இதற்குள் நர்ஸ் பக்கத்துக் கட்டில்காரரின் விரலில் கிளிப்பைச் சரியாக மாட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். "என்னய்யா, முகமெல்லாம் வேர்த்திருக்கு? வந்ததுதான் வந்தேன், உங்களுக்கும் ஒரு ஊசி போட்டுட்டுப் போறேன்."

ஊசி இறங்க இறங்க வலியும் இறங்கியது. எரிச்சல்தான் இறங்கவில்லை.

"பார்த்தியா? அவருக்குப் பந்தி பரிமாறிட்டு, மிச்சம் மீதியை நமக்குப் போடறாங்க."

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். பக்கத்துக் கட்டில்காரர் நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். மார்பில் ஒட்டியிருப்பது அப்படியே இருக்கட்டும், வீட்டில் இருந்தாலும் இங்கிருந்தே பார்த்துக்கொள்வோம், ஏதாவது மாறினால் நாங்களே போன் பண்ணுவோம் என்றார்.

தையல்காரருக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போனாலும் விடமாட்டார்களாமே.

அன்று மத்தியானம் கால் விண்விண்ணென்று தெறித்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு அரைக்கண் மூடிக் கிடந்தார். அப்போதுதான் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர் மெல்லத் தலையைத் திருப்பி, இவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று நோட்டம் விடுவதுபோல ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் விரலிலிருந்து கிளிப்பைத் தானே உருவிப் போர்வைமேல் போட்டார்.

வராந்தாவில் அலறல். நர்ஸ் ஓடி வந்தாள்.

அடப்பாவி, இதுதானா சங்கதி.

தையல்காரருக்கு வலிகூட மறந்துபோயிற்று. வழக்கம்போல நர்ஸ் இந்தப் பக்கமும் திரும்பி ஊசி போட்டாள். நோயாளியை வைத்துக்கொண்டு சொன்னால் நன்றாக இருக்காது, ஆள் கிளம்பட்டும் என்று காத்திருந்தார்.

மறுநாள் காலையில் பக்கத்துக் கட்டில்காரரைச் சக்கர நாற்காலியில் ஏற்றினார்கள். போகிறபோது அவர் இவரைப் பார்த்துக் கைகூப்பினார். தையல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாற்காலி வராந்தாவைத் தாண்டியதும் நர்ஸைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், இத்தனை நாளா உங்களை ஒருத்தர் நல்லா ஏமாத்தியிருக்காரு. அந்தக் கிளிப் தானா ஒண்ணும் கழண்டு விழலை. அவரே கழட்டறாரு. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். நீங்க ஓடி வரணும், விழுந்து விழுந்து கவனிக்கணும். அதுக்குத்தான் இந்த வேஷம்."

நர்ஸ் பக்கத்துக் கட்டில் விரிப்பை உருவிக்கொண்டே சொன்னாள். "தெரியும் ஐயா."

"தெரியுமா? தெரிஞ்சுமா ஓடி வந்தீங்க?"

"நிஜமாவே ஏதாவது ஆயிருந்தா? ஓடி வந்துதானே ஆகணும். முதல் தடவை கையும் களவுமாப் பிடிச்சப்ப நல்லாத் திட்டிட்டேன். மாஸ்க்கை நகர்த்திட்டு ஒரு வார்த்தை சொன்னாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு. இப்பதான் அவரு போயிட்டாரே."

"அப்படி என்ன சொல்லிட்டாரு?"

நர்ஸ் விரிப்பை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"'பக்கத்துல தையல்காரர் வலியில துடிக்கிறாரும்மா. ரோஷக்காரர், மணி அடிக்க மாட்டேங்கறாரு. அவருக்காக நான் மணி அடிச்சா நீங்க மெதுவாத்தான் வருவீங்க. இதைக் கழட்டினா ஓடி வருவீங்க இல்ல?'ன்னாரு."