பாயிண்டில் சிக்கிய கல்

முகத்தை மூடப் போகிற நேரத்தில்தான் போன் வந்தது.

இறந்துபோன ஜுமைலாவைக் கபன் துணி சுற்றி முன் அறையில் கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. பாலக்காட்டில் கட்டிக் கொடுத்த ஒரே மகள் ஷம்னா வந்து ஒரு தரம் பார்த்துவிடட்டும் என்று அப்படி வைத்திருந்தார்கள்.

நண்பகல் லுஹர் தொழுகைக்கே எடுத்திருக்க வேண்டியது. மகளுக்காகச் சாயங்காலம் அஸருக்குத் தள்ளினார்கள். சிறுநீரகம் கெட்டு நீர் கோத்த உடம்பு, இனித் தாங்காது என்று குளிப்பாட்டிய பெண்களே சொல்லிவிட்டார்கள். பள்ளிவாசலில் கடைசியாக இன்னும் அரை மணி நேரம்தான் தந்திருந்தார்கள்.

கணவர் சிகாபுதீன் போனை எடுத்தார். பேசியது மகள் அல்ல, சேவியர். அவர் வேலை பார்க்கும் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். ஈஸ்டர் கழிந்துதான் கல்யாணம் முடித்தவன். சிகாபுதீனும் முன்பு பாயிண்ட்ஸ்மேன்தான், இப்போது ஸ்டேஷன் ஆபீசில் உட்கார்ந்த வேலை.

"இக்கா, மோள் வர்ற வண்டி அவுட்டர்ல நிக்குது. பாயிண்ட்ல கல்லு சிக்கிக் கெடக்கு. ஒரு எலுமிச்சங்கா அளவுதான். நான் எடுத்துப் போட்டிரட்டா?"

பாயிண்ட் என்பது தண்டவாளம் பிரிகிற இடம். அங்கே கல் விழுந்தால் எடுப்பது யார் வேலை என்று அந்த ஸ்டேஷனில் நடந்த சண்டை மட்டாஞ்சேரி சாயாக்கடை வரைக்கும் தெரியும். ஜல்லிக்கல் டிராக்மேன்களுடையது. அது சிக்கும் பாயிண்டும் அதை நகர்த்தும் மோட்டாரும் சிக்னல்காரர்களுடையது. இவர்கள் அவர்களைக் காட்டுவார்கள், அவர்கள் இவர்களைக் காட்டுவார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கலாம், ஊர் கூடி ஒரு கல் பொறுக்க முடியாது. கடைசியில், பக்கத்தில் நிற்கிற பாவத்துக்குப் பாயிண்ட்ஸ்மேன்தான் குனிவான்.

அதை நிறுத்தியவர் சிகாபுதீன். இரண்டு வருடம் யூனியன் ஆபீசுக்கும் அதிகாரிகளின் அறைக்கும் நடையாய் நடந்தார். சிக்னல்காரர்கள் வந்து மோட்டாரை அணைத்து அவர்களே கல்லை எடுக்க வேண்டும், பாயிண்ட்ஸ்மேன் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். அன்றிலிருந்து சிக்னல்காரர்கள் அவரோடு சேர்ந்து சாயா குடிப்பதில்லை. வண்டி தாமதமாகும் போதெல்லாம் திட்டு அவருக்குத்தான்.

இன்று சிக்னல்காரர்கள் வேறெங்கோ பழுது பார்க்கப் போயிருந்தார்கள். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகுமாம்.

ஜுமைலாவின் தம்பி ஷமீருக்கும் போனில் பேசியது கேட்டிருந்தது.

"எடுக்கச் சொல்லுங்க மச்சான். ஒரு கல்லுதானே."

அவருக்கு மட்டும் ஆசையில்லையா. ஸ்டேஷன் வாசலில் கார் தயாராக நின்றது. இப்போது வண்டி நகர்ந்தால் மகள் பாலம் தாண்டி வந்துவிடுவாள், தாயின் முகத்தைப் பார்த்துவிடுவாள். அதற்கு 'எடு' என்ற ஒரு சொல் போதும். அந்தப் பெண்ணுக்கு இனி அவர் எதைக் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது.

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம் சேவியரே. கை வைக்காத. அவங்க வரட்டும்."

ஷமீர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்னால் யாரோ, பெற்ற மகளைவிட யூனியன் பெரிதாகிவிட்டது என்று முணுமுணுத்தார்கள். முகத்தை மூடச் சொல்லிச் சிகாபுதீனே தலையசைத்தார்.

தலைமாட்டு முடிச்சைக் கணவர் போடட்டும் என்று விலகி நின்றார்கள். அவர் குனிந்து துணியின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்த்தார். முடிச்சு விழவில்லை. அவருடைய வலது கையில் பெருவிரல் மட்டும்தான் இருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன்னால், இதே பாயிண்டில், இதே போல ஒரு கல். வண்டி நிற்கிறதே என்று குனிந்து எடுத்தார். மேலே கட்டுப்பாட்டு அறையில் பொத்தானை அழுத்தியவருக்குக் கீழே கை இருப்பது தெரியாது. மோட்டார் தண்டவாளத்தை இழுத்து நான்கு விரல்களின் மேல் சாத்திவிட்டது.

எட்டு மாதம் ஜுமைலாதான் சோறு பிசைந்து ஊட்டினாள். அந்த உத்தரவு கேட்டு யூனியனுக்குக் கொடுத்த மனுவும் அப்போது எழுதியதுதான். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் எதுவுமே சொல்லவில்லை. போன விரல் திரும்பி வருமா என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். அவள் மலையாளத்தில் ஒன்பது பக்கம் எழுதி முடித்து, மைப்பெட்டியைக் கொண்டு வந்து, அவருடைய இடது பெருவிரலைப் பிடித்துக் கடைசிப் பக்கத்தில் அழுத்தினாள்.

"இன்னொருத்தி இப்படிப் பிசஞ்சு ஊட்டக் கூடாது" என்றாள்.

ஷமீர் அவர் கையிலிருந்து துணியை வாங்கி முடிச்சைப் போட்டான். அவளைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். நான்கு பேர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள்.

போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தரம் ஷம்னா.

அவர் எடுக்கவில்லை. வண்டியை நிறுத்தி வைத்திருப்பது உன் அம்மாதான் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?