மூன்று வகைச் சுடர்

மூன்று மணித்தியாலம் இருபது நிமிடமாக ஜஸ்ரின் ஒரே மெழுகுதிரிச் சுடரை ஜிஃப், ஏபிஎன்ஜி, வெப்-பி என்ற மூன்று வகை அசைபடக் கோப்புகளாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், நிறுவன இணையப் பக்கத்தில் அசையும் வாழ்த்துப் படம் போடுவது அவள் வேலை. ஐந்து மணிக்குப் பிந்தினால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

“ஜிஃப் போதாதே, பிள்ளை? எனக்கு அதிலைதானே செய்தனீர்” என்றார் பக்கத்து மேசைப் பிரகலாதன்.

“அதிலை சுடரின்ரை ஓரம் பிசிறடிக்குது, அண்ணை. ஏபிஎன்ஜி பாக்க வடிவுதான், ஆனா கோப்பு பெரிசு. பக்கம் திறக்கப் பிந்தும். வெப்-பி எண்டால் வடிவும் இருக்கு, பாரமும் இல்லை.”

“உவ்வளவு மினக்கெடுறீர், முதலாளிக்கோ?”

“இல்லை.”

“பிறகு ஆருக்கு?”

அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“எனக்குத்தான், அண்ணை. இண்டைக்கு என்ரை பிறந்தநாள்.”