ஒன்பதாவது வளைவு

தேவசகாயத்துக்கும் சுகிர்தாவுக்கும் சனிக்கிழமைக் காலை என்றால் ஏலகிரிதான். இருவர் மிதிக்கும் சைக்கிளில் மனைவி முன்னால், அவர் பின்னால். மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவில் அவர் திருட்டுத்தனமாகக் காலைத் தூக்கிவிடுவார்; பின்பக்கப் பெடல்கள் நின்றுபோகும். "கால எடுத்துட்டீங்கதானே?" என்பாள் அவள், திரும்பாமலே. "இல்லம்மா" என்று மறுபடி மிதிப்பார். "பொய்" என்று சிரிப்பாள். இருபது வருஷமாக இதே கதை.

நெஞ்சுவலி ஆரம்பித்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சனிக்கிழமைகள் நின்றுபோகும். அதனால், மிதிப்பவரின் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு அவருக்குப் பதிலாகத் தானே மிதிக்கிற மோட்டார் ஒன்றை ரகசியமாகப் பின்பக்கம் பொருத்தினார். இரண்டே மாதத்தில் அது அவர் கால்களை மனப்பாடம் செய்துவிட்டது.

இன்று ஏழாவது வளைவில் வலி அழுத்திப் பிடித்தது. சைக்கிள் ஊர்ந்துகொண்டிருந்ததால் காலை ஊன்றி இறங்கிவிட்டார். "சுகி, நில்லு" என்று கூப்பிட வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அவள் பேசிக்கொண்டே போனாள். காலி இருக்கைக்குக் கீழே பெடல்கள் அவரைப் போலவே, இடது பக்கம் சற்று அழுத்தி, சுழன்றுகொண்டு போயின.

சாலையோரக் கட்டைச் சுவரில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே ஒன்பதாவது வளைவில் சைக்கிள் ஏறிக்கொண்டிருந்தது. பின்பக்கப் பெடல்கள் நின்றன.

"கால எடுத்துட்டீங்கதானே?"

'இல்லம்மா' என்று அவர் உதடு மட்டும் அசைந்தது.

பெடல்கள் மெல்லச் சுழலத் தொடங்கின.

"பொய்" என்று சிரித்தபடி வளைவில் மறைந்தாள் சுகிர்தா, திரும்பிப் பார்க்காமல்.