உதிரிப்பழத் தராசு

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கிட்ட. மண்டோர் திருச்செல்வம் காதுல விழுந்தா விழட்டும், நீங்க ஒரு சொல்லையும் விட்டுடக் கூடாது.

லுக்குட் பக்கத்துல எங்க எஸ்டேட். அங்க ஆளுங்களை வேலை வாங்குற மண்டோர் அவர், மாரியம்மன் கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். மகள் திலகா காய்ச்சல்ல பிழைச்சு வந்ததுக்கு, புருசன் பெண்டாட்டி ரெண்டு பேரும் நேர்ந்துக்கிட்டாங்க. ஒரு மாசம் பகலெல்லாம் பட்டினி, பொழுது சாய்ஞ்சதும் ஒரு வேளை சைவச் சோறு. கடைசியில பெண்டாட்டி ரோகினி பால்குடம் எடுக்கணும்.

திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம், செம்பனை உதிரிப்பழ மூட்டை நிறுக்கிற தராசைக் கோயில் வாசலுக்கே தூக்கிட்டு வந்துட்டார் மண்டோர். விரதம் தொடங்கினப்போ ரெண்டு பேரும் எடை பார்த்த அதே தராசு.

முதல்ல அவர் ஏறினார்.

"பார்த்தீங்களா? ஆறு கிலோ காணோம்! இதுதான் விரதம்!"

அடுத்து ரோகினியை ஏத்தினார், மூட்டையை ஏத்துற மாதிரி. முள்ளு பழைய இடத்துலயே நின்னுச்சு.

"ஒரே பானைச் சோறு, ஒரே பட்டினி. இவ மட்டும் ஏன் இளைக்கலை? ஒளிச்சு வெச்சுத் தின்னிருக்கா. இவ தலையில பால்குடம் ஏறாதுலா!"

"கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிகிட்டக் கேட்டேங்க"ன்னு சொன்னா ரோகினி. "ஆம்பிளைக்குச் சட்டுனு இறங்குமாம். பொம்பளை உடம்பு, பசின்னு தெரிஞ்சா இருக்கிறதை இறுக்கிப் பிடிச்சுக்குமாம். பிள்ளை சுமக்கிற உடம்பில்லையா."

"மிஸ்ஸியும் பொம்பளைதானே! வேற என்ன சொல்லுவா?"

கமிட்டி சிரிச்சது.

பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலைக்குக் கோபம் பத்திக்கிட்டு வந்துச்சு. "பசியில மயங்கி விழுந்தவளுக்குத் தண்ணி தெளிச்சவ நான்யா! வாய் கூசலை உனக்கு?"

"நீ சும்மா இரு, பஞ்சாலை!"

ரோகினி அழலை. மூக்கு மட்டும் விடைச்சது. புருசன் சட்டையைத் தினமும் துவைக்கிறவ அவ. எந்தச் சட்டையில என்ன வாசம் வரும்னு அவளுக்குத் தெரியாதா?

"சரிங்க, முடிவு பண்ணுங்க. அதுக்கு முன்னால எல்லாரும் டீ குடிங்க. காதர் மாமா கடையில சொல்லியிருக்கேன்."

மண்டோர் சட்டுனு திரும்பினார். "எந்தக் கடையில?"

அதுக்குள்ள காதரோட மோட்டார் சைக்கிள் வந்து நின்னுச்சு. காதர் எல்லாருக்கும் டீ கொடுத்தார். மண்டோர் கையில மட்டும் சூடா ஒரு பொட்டலத்தை வெச்சார்.

"மண்டோர், உங்களுக்குப் பியாசா! தினம் மத்தியானம் நீங்க கேட்கிற வழக்கமானதுதான். ரெண்டு ரொட்டி, முட்டை போட்டு. 'அவருக்குப் பியாசா'ன்னு ரோகினி தங்கச்சி ஒரே சொல்லுதான் சொல்லுச்சு."

ஒருத்தரும் டீயைக் குடிக்கலை.

"அடியே"ன்னா பஞ்சாலை, "தின்னுட்டும் இளைச்சிருக்கான் பாருடி!"

ரோகினி அந்தப் பொட்டலத்தை வாங்கினா. பிரிக்கலை, வீசலை. தராசுல வெச்சா.

"இதையும் எடை பார்த்து வைங்க, தலைவரே."

சொல்லிட்டு, பால்குடத்தைக் கழுவக் குழாயடிக்கு எடுத்துக்கிட்டுப் போனா.