கருக்களாச்சேரி நாற்காலி

12-7-1986. இன்றும் ஒரு தவறு செய்துவிட்டேன். கூட்டத்தில் பெயர் வாசிக்கும்போது, கருக்களாச்சேரி உறுப்பினரைப் போன மாதம் வந்தவரின் பெயரால் கூப்பிட்டேன் என்று நாட்குறிப்பைத் தொடங்கினான் மரியசெல்வம்.

"அஞ்சப்பன் இல்லீங்க தம்பி, நான் தங்கையன்" என்று அந்த ஆள் எழுந்து நின்று சொன்னார்.

போதை ஒழிப்பு வட்டாரக் குழுவின் தலைவர் தெட்சிணாமூர்த்தி மேசையைத் தட்டினார். "அவன் என்னய்யா பண்ணுவான்? மாசத்துக்கு ஒரு ஆளை அனுப்பினா பேரு எப்படி மனசுல நிக்கும்? பூவத்துக்காரர் அதே ஆளு. வரிச்சிக்குடிக்காரர் அதே ஆளு. நீங்க மட்டும் முறை வச்சு டீ குடிக்க வர்றீங்களா?"

தங்கையன் கையிலிருந்த டீ கிளாஸ் கிடுகிடுவென்று ஆடியது. சபைக்கூச்சம் போல என்று நினைத்தான் மரியசெல்வம். பகலில் அரிசி மண்டி, மாலையில் கல்லூரி வகுப்பு, மாதம் ஒரு சனிக்கிழமை இந்தக் குழுவுக்கு எழுத்து வேலை அவனுக்கு.

"கஞ்சா பக்கமே போகாத யோக்கியன்தான் இங்க உட்காரணும்னு முதல் கூட்டத்துலயே தீர்மானம் போட்டேன். அப்படி ஒருத்தரை நிலையா அனுப்ப முடியலியா உங்களால? கஞ்சான்னா என்னன்னு ஒவ்வொரு மாசமும் அரிச்சுவடியிலேருந்து என்னால ஆரம்பிக்க முடியாது. அடுத்த மாசமும் புது முகம் வந்தா, உங்க ஊர் நாற்காலி வியாபாரிகள் சங்கத்துக்குப் போயிடும். எழுதிக்கப்பா மரியசெல்வம். அந்த ஊர்ல இதுவரைக்கும் திருந்தினவன் ஒருத்தன்கூட இல்லைன்னும் எழுது!"

மரியசெல்வம் எழுதினான். எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த நாற்காலியைக் கேட்டு வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.

கூட்டம் கலைந்ததும் தங்கையனை பஸ் ஸ்டாப்பில் போய்ப் பிடித்தான்.

"ஏண்ணே, இந்த இடத்துக்காகத் தலைவர்கிட்ட எவ்வளவு நாள் தொங்கினேன் தெரியுமா? ஒரே ஆளா வந்தா என்ன கேடு? நீங்களே வாங்களேன்!"

"நான் எப்படிங்க? அடுத்த மாசம் சிங்காரவேலு முறை."

"முறையாம் முறை! இது என்ன கோயில் மண்டகப்படியா?"

"ஊர்க்கூட்டத்துல பேசி முடிவானது தம்பி. அவன் இப்பவே புதுச் சட்டைக்குத் துணி எடுத்துட்டான்."

"புதுச் சட்டையா? உள்ள என்ன மாலையா போடறாங்க? திட்டுதானே விழுது!"

"திட்டு கெடக்குதுங்க. நாலு பெரிய மனுசங்களோட சரிசமமா நாற்காலி போட்டு, பேர் சொல்லிக் கூப்பிடறீங்களே."

"அந்தப் பேரையும் தப்பாத்தான் கூப்பிட்டேன்!" மரியசெல்வம் தலையில் அடித்துக்கொண்டான். "சத்தியமா எனக்குப் புரியலண்ணே. அப்படி என்ன முறை அது? யார் வச்சது?"

பஸ் வந்து நின்றது. தங்கையன் ஏறவில்லை. இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

"உங்க தலைவரு போட்ட தீர்மானத்துக்குப் பயந்துதான் சொல்லல தம்பி. ஒரு மாசம் கஞ்சாவைத் தொடாம இருந்து காட்டறவனுக்குத்தான் அந்த நாற்காலி. அஞ்சப்பன், அவனுக்கு முன்னாடி வந்தவங்க, இப்ப நான்... எல்லாருமே அப்படி வந்தவங்கதான்."

அன்று மரியசெல்வம் நாட்குறிப்பின் அடியில் எழுதினான்: நாளை வேலை. 'திருந்தினவன் ஒருத்தன்கூட இல்லை' என்ற வரியை அடிக்க வேண்டும். தலைவர் வீட்டுக்குப் போய் அந்த முதல் கூட்டத் தீர்மானத்தையும் அடிக்கச் சொல்ல வேண்டும்.