ராமுத்தாய் கேட்ட கேள்வி

தேனி பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ்களின் போர்டுகளை ராமுத்தாய் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

கம்பம். போடி. குமுளி.

நான்கு வருடமாகப் பஸ் வந்தால் யாரிடமாவது கேட்டுத்தான் ஏறுவாள். அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பியிருந்தார்கள். புரை எடுத்த கண்ணுக்கு, எதிர்க்கடையில் தொங்கிய வாழைத்தாரில் எந்தப் பழம் கறுத்திருக்கிறது என்றுகூடத் தெரிந்தது.

பக்கத்தில் அவள் புருஷன் மொக்கைச்சாமி, துணிப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பழனிசெட்டிபட்டியில் மகள் பாண்டீஸ்வரி வீட்டில் கொஞ்சநாள் இருந்துவிட்டு வருவதாக அவரிடம் சொல்லியிருந்தாள். மகளுக்கு மில்லில் வேலை. அதனால் அவரே கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

ஆனால் பையில் அவளுடைய சேலைகள் அத்தனையும் இருந்தன. உத்தமபாளையத்தில் இருக்கும் புருஷன் வீட்டுப் பக்கம் இனி திரும்புவதாக அவளுக்கு உத்தேசமில்லை.

மனுஷன் மாறிப்போய் வெகுகாலம் ஆயிற்று.

அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் பதில் இருக்காது. திராட்சைப் பந்தலுக்குள் பின்னால் நடந்தபடி ஏதாவது கேட்டால், அவர் பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டே இருப்பார். கரண்ட் போய்விட்டால் அவ்வளவுதான், ஒரு வார்த்தை வராது. மகளிடம்கூடப் பேச மாட்டார். எஸ்.டி.டி. பூத்தில் ரிசீவரை இவள் கையில் திணித்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார்.

பேச வந்தாலோ, முகத்தை மறித்துக்கொண்டு நிற்பார். கலங்கிய கண்ணுக்கு ஒரு கறுத்த உருவம் மட்டும் தெரியும். சண்டைக்கு வருகிறார் என்றே அவள் நினைப்பாள்.

கண் அவிந்தவளோடு என்ன பேச்சு என்று விட்டுவிட்டார். மகளிடம் இப்படித்தான் சொல்லி அழுதாள். கண் தெளிந்ததும் இங்கே வந்துவிடு, அவரை அங்கேயே இருக்கச் சொல் என்றாள் மகள்.

பெஞ்சுக்குப் பின்னால் ஒரு பஸ் ஏர் ஹாரனை அலறவிட்டது.

ராமுத்தாய் துள்ளி எழுந்துவிட்டாள். எதிர்ப் பெஞ்சில் இருந்த கைக்குழந்தை வீறிட்டது. அதன் தாய் பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

மொக்கைச்சாமி அசையவில்லை.

அவள் எழுந்ததைப் பார்த்துத்தான் தலையைத் தூக்கினார். அதற்குப் பிறகே திரும்பிப் பஸ்ஸைப் பார்த்தார்.

ராமுத்தாய் மெதுவாக உட்கார்ந்தாள். கட்டுப் பிரித்ததிலிருந்து எதை எதையோ பார்த்துவிட்டாள். அவரை மட்டும் வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தாள். இப்போது பார்த்தாள்.

புருவம் நரைத்துவிட்டது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவர் பார்வை அவள் கண்ணில் இல்லை. கொஞ்சம் கீழே, உதட்டிலேயே நின்றது. அவள் எப்போது வாய் திறப்பாள் என்று காத்திருப்பதுபோல நின்றது.

அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டாள்.

"நான் வராமப் போயிட்டா என்ன செய்வீக?"

"வராம எங்க போவ? தெனமும் ரோட்டுக்கு வந்து, நீ எறங்குற வரைக்கும் பஸ்ஸப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன்."

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி அவ்வளவு சத்தமாகச் சொன்னார்.

எதிர்ப் பெஞ்சுத் தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவள் காதில் கேள்வி எதுவும் விழவில்லை.

விழ வழியில்லை. ராமுத்தாய் உதட்டை மட்டும்தான் அசைத்தாள். குரலே எடுக்கவில்லை.

கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அவளால் முடியவில்லை. முந்தானையைக் கண்ணாடிக்குக் கீழே ஒற்றிக்கொண்டு, எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. பையின் காதைத் திருகினார். பிறகு, தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாமலே சொன்னார்.

"ஒனக்குக் கண்ணு தெரியாமப் போச்சு. எனக்குக் காதும் கேக்கலைன்னு தெரிஞ்சா, யார நம்பி நீ ரோட்டத் தாண்டுவ?"

பழனிசெட்டிபட்டி டவுன் பஸ் வந்து நின்றது. மொக்கைச்சாமி பையோடு எழுந்தார். அவள் பையை வாங்கிக்கொண்டு அவரை உட்காரச் சொன்னாள். பஸ் போய்விட்டது.

காதுக்குப் பார்க்கிற டாக்டர் இங்கன எங்கே இருக்கிறார் என்று எதிர்ப் பெஞ்சுக்காரியிடம் விசாரித்தாள். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து வந்து வழி காட்டினாள்.

இருவரும் நடந்தார்கள். பேசுவதற்கு நான்கு வருடப் பேச்சு கிடந்தது. ராமுத்தாய் அவருக்கு ஓரடி முன்னால், முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிப் பேசிக்கொண்டே போனாள்.