கடல் தாண்டினவன்

“தொடாதே! தள்ளி நில்லுடா!”

தண்ணீர்க் குடத்தை நோக்கி நீண்ட கையைத் தேசிக் சட்டென்று இழுத்துக்கொண்டான். அப்பா ஆதிநாதன், பெருமாளின் திருமஞ்சனத்துக்கான அந்தக் குடத்தைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து நடந்து கோயிலுக்குள் போனார். அறுபது வயது. ஆற்றிலிருந்து தினமும் இரண்டு நடை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மனசுல வெச்சுக்காதேடா” என்றாள் அம்மா கிருஷ்ணவேணி. “கடல் தாண்டினவா பெருமாள் காரியத்துல கை வைக்கப்படாதுங்கறது ஊர் வழக்கம். அப்பா என்ன பண்ணுவார்? பரம்பரையா நம்மாத்துக் கைங்கரியம், அவருக்கப்புறம் யாருன்னு நெனச்சாத்தான் நேக்குக் கவலையா இருக்கு.”

தேசிக்குக்கும் அதே கவலைதான். அவனுக்குக் காரணங்கள் இன்னும் அதிகம். ஜெர்மனியில் துறைமுகப் பொறியியல் முதுகலை, கடைசி செமஸ்டர். தூத்துக்குடித் துறைமுக வாயிலில் மணல் சேருவதை அளந்து ஆய்வேடு எழுத மூன்று வாரம் வந்திருந்தான். திரும்பிப் போனதும் இரண்டு பரீட்சை. சனி ஞாயிறுகளில் சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்கும் வேலை. தொண்ணூற்று மூன்று கம்பெனிகளுக்கு விண்ணப்பித்ததில் நான்கே நான்கு பதில் சொல்லின. நான்கும் வருந்துவதாகச் சொல்லின. படிப்பு முடிந்தபின் வேலை தேட ஒன்றரை வருடம் அங்கே இருக்க விடுவார்கள். அதற்குள் கிடைக்காவிட்டால்? இந்தக் கேள்வி வந்துவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

அன்று துறைமுகத்தில் லாஞ்சுப் படகில் ஆழம் அளந்துகொண்டிருந்தபோது, லாஞ்சு ஓட்டும் ரோச் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்.

“என்ன தம்பி, ரெண்டு தரம் ஒரே எடத்துல அளக்க? நெனப்பு எங்கன இருக்கு?”

தேசிக் காலையில் நடந்ததைச் சொன்னான். ரோச் சத்தமாகச் சிரித்தார்.

“நல்லா இருக்கே! எங்க தெருவுல கடல் தாண்டாதவனுக்குப் பொண்ணு கிடைக்காது. உங்க தெருவுல தாண்டினவனுக்குச் சாமி கிடைக்காதோ? இது தெரிஞ்சா போன?”

“அப்பாதான் போகச் சொன்னார். ஸ்காலர்ஷிப் வந்ததும் என்னைவிட அவருக்குத்தான் அவசரம். அப்போ யாரும் இதை யோசிக்கலை அண்ணாச்சி, நான் போனப்புறம்தான் ஊர்ல பேச்சு வந்தது. இப்போ என்னைப் பாத்தாலே கோபம். தள்ளி நில்லு, தள்ளி நில்லுங்கறார். அங்கே வேலையும் கிடைக்கலை, இங்கே அவருக்கு ஒத்தாசையாகவும் இருக்க முடியலை.”

சிரித்தது தப்போ என்று ரோச்சுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஒரு வழி இல்லாமலா போவும்? தப்புப் பண்ணுனா எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்குல்லா. சாமியார்ட்ட போயி சொல்லுதோம், அவரு ஒரு பரிகாரம் சொல்லுதாரு, முடிஞ்சுபோச்சு. உங்கள்ல அப்படி ஒண்ணும் கெடையாதா? கேட்டுப் பாத்தியா?”

கேட்டுப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக மனத்துக்குள் மருகியதோடு சரி.

மாலையில் முத்தையாபுரத்தில் பஸ் ஏறி ஊருக்கு வந்தவன், வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோயில் பெரியவர் ரங்கராஜ் வீட்டுக்குப் போனான். அவர் வைத்ததுதான் ஊரில் சட்டம். கதவைத் தட்டினான். விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தான். ஆனால் அவன் சொல்லி முடிக்கும் முன்பே கிழவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் தேசிக் வீட்டுக்கு ஓடி வந்தான். ஆதிநாதன் கூடத்தில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, ரங்கராஜ் மாமா ஒத்துண்டுட்டார்! சேதுவுல ஸ்நானம் பண்ணிட்டு, நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்தாப் போதுமாம். அப்புறம் நானும் உங்களோட உள்ளே வரலாமாம். உங்களுக்கப்புறம் ஆள் இல்லாம கோயில்காராளும் முழிச்சிண்டுதான் இருக்காளாம்!”

“பெருமாளே!” என்று கிருஷ்ணவேணி கை கூப்பினாள்.

தைலம் தேய்த்த கை அப்படியே நின்றது.

“யாரைக் கேட்டுண்டு போனே?” என்றார் ஆதிநாதன்.

“உங்களுக்காகத்தான்ப்பா. இந்தக் காலை வெச்சுண்டு எத்தனை நாள் தனியாக் கஷ்டப்படுவேள்? பரீட்சை முடிஞ்ச மறுநாளே கிளம்பி வந்துடறேன். கடல் தாண்டினது தப்புதான். என்னை மன்னிச்சுடுங்கோ.”

“வாக்குக் குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன்ப்பா.”

ஆதிநாதன் மேல் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்பா அழுது தேசிக் பார்த்ததே இல்லை. சந்தோஷம் தாங்காமல் அழுகிறார் என்று நினைத்து, அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அசடே!” என்றார் ஆதிநாதன், துண்டை எடுக்காமலே. “இஞ்சினியருக்குத்தான் நானும் படிச்சேன், தெரியுமா நோக்கு? எங்கப்பா படுத்துண்டதும், ஆள் இல்லேன்னு பாதிப் படிப்புல என்னைத் திருச்சிலேர்ந்து அழைச்சுண்டு வந்தா. நீ மெட்ராஸ்ல இருந்தாலும் டெல்லில இருந்தாலும் நாளைக்கு உன்னையும் அப்படித்தான் அழைச்சுண்டு வருவா. யாரும் உன்னைக் கூப்பிடவே முடியாதபடி பண்ணணும்னுதானேடா உன்னைக் கடல் தாண்டி அனுப்பினேன்!”